எஸ்தர் அனுப்பிய பாட்டுக்கு எந்த கார்ட்?

இந்த வாரமும் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். கோடு போட்ட நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன். அதை யாரோ ஒரு மகராசன் டைப் அடித்து, காலும் கொம்பும் திருத்திப் போடுகிறார். இப்போது மறதி வேறு சேர்ந்துகொண்டது. எழுத உட்கார்ந்தால் பேர் ஞாபகம் இருக்கிறது, கிழமை ஓடிவிடுகிறது. முன்பின்னாக வந்தால் நீங்களே இழுத்துப் பிடித்து வாசித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். போன புதன்கிழமை எங்கள் ஊர்க் கோவிலில் ஒரு கல்யாணம். (சர்ச்சுக்கு நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம்.) அதற்குப் பத்து நாள் முன்னால் என் போனுக்கு ஒரு பாட்டு வந்தது. அனுப்பியது எஸ்தர். குவைத்திலிருந்து.

எஸ்தர் யார்?

எங்கள் மாதர் சங்கத்தில் நான் ஆர்மோனியம் வாசிப்பேன். வாசிப்பேன் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம் — காதால் கேட்டு, கையால் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிற வித்தை. எஸ்தர் பாடுவாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். புருஷன் தவறிப்போன வருஷம் ஆற்றிலும் தண்ணீர் சரியாக வரவில்லை. நடவு இல்லை, களையெடுப்பு இல்லை, கூலி எங்கிருந்து வரும்? மூன்று வயது ஜாய்ஸை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டு வேலைக்கு விமானம் ஏறினாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஜாய்ஸுக்குத்தான் கல்யாணம்.

எஸ்தருக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் பார்த்துக்கொள்கிற பெரியம்மாள் அங்கே படுத்த படுக்கை. இப்போது போனால் ஊரிலேயே இருந்துவிடு என்று அந்த வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"வர முடியலக்கா" என்றாள். அழவில்லை. அழுகையை முடித்துவிட்டுத்தான் போன் போட்டிருப்பாள். "ஆனா ஜாய்ஸ் கோவிலுக்குள்ள நடந்து வரும்போது என் குரல் கேக்கணும். நம்ம பாட்டுதான். பாடி அனுப்புறேன். நீங்க மியூசிக் மட்டும் போட்டுடுங்க."

மியூசிக் மட்டும்! ஏதோ தாளித்துக் கொட்டி இறக்கிவிடு என்பது மாதிரி.

'நம்ம பாட்டு' என்றால் மாதர் சங்கத்தில் நாங்களே கட்டிக்கொண்ட கல்யாணப் பாட்டு. "வயல் ஓரம் வருபவரே, எங்கள் வாசலுக்கும் வாரும்" என்று ஆரம்பிக்கும். ஒரு பல்லவி, இரண்டு சரணம். எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எங்கள் ஊர் எல்லையைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது.

சரி, ஆர்மோனியத்தைப் போட்டு வாசித்துவிடலாமே என்றால், அங்கே ஒரு சிக்கல். மாப்பிள்ளை வீடு தஞ்சாவூர் டவுன். அவர்கள் கோவிலில் கீபோர்டு, கிடார், டிரம் எல்லாம் உண்டு. ஜாய்ஸ் என்னிடம் வந்து நின்றாள். அதிகம் பேசாத பெண்.

"பெரியம்மா, அம்மா பாடினது போன்ல வெறும் குரலா இருக்கு. ஸ்பீக்கர்ல போட்டா எப்படி இருக்கும்? அவங்க வீட்டு ஆளுங்க சிரிச்சிட்டா?"

"சிரிக்க மாட்டாங்கம்மா."

"சிரிச்சிட்டா அம்மாவுக்குத்தானே அசிங்கம்? அதுக்குப் பாட்டே வேணாம்."

அம்மாவுக்குக் குரல் கேட்க வேண்டும். பெண்ணுக்கு அந்தக் குரலைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது. நடுவில் நான்.

ஜெபராஜிடம் போனேன். எங்கள் கோவிலில் கீபோர்டு வாசிப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். சிங்கப்பூரில் கம்பி கட்டுகிற வேலை பார்த்துத் திரும்பும்போது, எல்லோரும் டிவி கொண்டுவருவார்கள், இவர் கீபோர்டு கொண்டுவந்தார். இப்போது நன்னிலத்தில் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் டிக்கெட், விசா வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது… அந்தக் கடை வாசலில் நின்றால் சுற்றுப்பட்டு ஊரில் யார் எந்த நாட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஜெபராஜ் பாட்டைக் கேட்டார். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார். முகம் சுளித்தார். அடுத்த கட்டையை அழுத்தினார். அதற்கும் சுளித்தார்.

"ஒட்ட மாட்டேங்குதே பாக்கியம்மா. இதுல வெச்சா குரல் மேல நிக்குது. அடுத்ததுல வெச்சா கீழ நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ பாடியிருக்காங்க. ரெண்டாவது சரணத்துல இன்னும் மோசம், இறங்கிட்டே போகுது."

எனக்கும் அது கேட்டது. சொல்லவில்லை. நாலு பேர் நிற்கிற கடையில் நான் என்ன சொல்வது?

"கவலைப்படாதீங்க. இதுக்கெல்லாம் சைட் இருக்கு" என்றார்.

இருக்கிறதாம்! பாட்டை உள்ளே போட்டால் எந்த இடத்தில் எந்த கார்ட் என்று அதுவே சொல்லிவிடுமாம். கார்ட் என்றால், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இரண்டு மூன்று கட்டையைச் சேர்த்து ஒரே சமயத்தில் அழுத்துவது. பாடுகிறவருக்கு அது முட்டுக் கொடுத்த மாதிரி. ஏ, பி, சி என்று இங்கிலீஷ் எழுத்தில் பேர் வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்து வரைக்கும் எனக்குத் தெரியும். ஐந்தாவதில் அதை மட்டும் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

முதலில் எங்கள் பாட்டைக் கேட்டுப் பேர் சொல்கிற ஒன்றைப் போட்டார். அது கொஞ்ச நேரம் யோசித்து, ஏதோ ஒரு தெலுங்கு டான்ஸ் பாட்டைக் காட்டியது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் கார்ட் சொல்கிற சைட். திரையில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. பாட்டு ஓட ஓட ஒவ்வொரு கட்டமும் பளிச்சிட்டது. ஆனால் என்ன எழுத்து தெரியுமா?

ஜி.

அடுத்த கட்டம்? ஜி. அடுத்தது? ஜி. எஸ்தர் மேலே போனாலும் ஜி, கீழே வந்தாலும் ஜி, மூச்சு வாங்கினாலும் ஜி. அவள் வாயே திறக்காத இடத்திலும் ஜி. இரண்டாவது சரணம் ஆரம்பித்த இடத்தில் ஜி வரிசை அறுந்தது. அதன் பிறகு கட்டங்கள் காலி. நடுநடுவே சம்பந்தமில்லாமல் ஒரு எழுத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"இது சுத்த மோசம்" என்றார் ஜெபராஜ். "ஒரு பாட்டுக்குக் குறைஞ்சது மூணு கார்டாவது வேணும். ஒரே ஜியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

இன்னொரு சைட்டில் போட்டார். அதுவும் ஜி. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி!

பாவம், மனிதர் விடவில்லை. மூன்றாவதாக ஒன்றைத் திறந்தார். அது பாட்டிலிருந்து குரலைத் தனியாகவும் வாத்தியத்தைத் தனியாகவும் பிரித்துக் கொடுக்குமாம். அரிசி வேறு உமி வேறாக மிஷின் பிரிக்கிற மாதிரி. "குரல் மட்டும் சுத்தமா கிடைச்சா ஏதாவது பண்ணலாம்" என்றார். பிரித்தது. குரலைப் போட்டார், எஸ்தர் பாடினாள். சும்மா இருக்கட்டும் என்று வாத்தியத்தையும் போட்டார்.

வாத்தியமே இல்லாத பாட்டில் வாத்தியம் எங்கிருந்து வரும்?

வந்தது. "ம்ம்ம்ம்ம்…" என்று ஒரே சீராக. எங்கோ ஒரு கரண்டி விழுந்தது. மறுபடியும் "ம்ம்ம்ம்…". அப்புறம் ஒரு உதறல், ஒரு 'டக்'. அதோடு நிசப்தம்.

"அது ஏதோ மிஷின் சத்தம்" என்று ஜெபராஜ் அணைத்துவிட்டார். "விசா பிரின்ட் எடுக்க ஆளு நிக்குது பாக்கியம்மா. சனிக்கிழமை பிராக்டீஸ்ல பாப்போம். அதுக்குள்ள சரிவரலேன்னா யூடியூப்ல ரெடிமேட் மியூசிக் ஏதாவது போட்டுக்கலாம். எஸ்தரக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த 'டக்' என் காதை விட்டுப் போகவில்லை. எனக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. எங்கே கேட்டிருக்கிறேன்?

வீட்டுக்கு வந்து கஞ்சி எடுக்க அடுப்படிக்குள் போனேன். ம்ம்ம்ம்ம்… என்றது எங்கள் ஃப்ரிட்ஜ்.

கஞ்சியை வைத்துவிட்டு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஃப்ரிட்ஜுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். யாராவது பார்த்திருந்தால் பாக்கியத்துக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஐயரிடம் ஜெபத்துக்குச் சொல்லியிருப்பார்கள். (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம்.) ஒன்றாம் கட்டை அழுத்தினேன். இல்லை. மூன்று… நான்கு… இல்லை. ஐந்தாம் கட்டை அழுத்தினேன்.

அடடா! வந்து ஒட்டிக்கொண்டது. ஐந்துக்குத் துளி மேலே, அவ்வளவுதான். ஐந்தரைக்குப் போகவில்லை. ஜெபராஜின் இங்கிலீஷில் ஐந்தாம் கட்டைக்கு என்ன எழுத்து? ஆர்மோனியத்தில் யாரோ எப்போதோ பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள்… ஜி.

எஸ்தருக்குப் போன் போட்டேன். அவளுக்கு மத்தியான ஓய்வு நேரம்.

"நீ எங்க நின்னுடி அந்தப் பாட்டைப் பாடின?"

"ஏங்க்கா, நல்லா இல்லையா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கிச்சன்லதான்."

"கிச்சன்ல எங்க?"

சிரித்தாள். "ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துலக்கா. சொன்னா சிரிப்பீங்க. இங்க சுருதிக்கு எனக்கு வேற என்ன இருக்கு? அது ம்ம்முன்னு போடும், நான் புடிச்சுக்குவேன். நம்ம ஆர்மோனியப் பெட்டி மாதிரியே இருக்கும். இத்தனை வருஷமா அதுகூடத்தான் பாடிட்டு இருக்கேன்."

"ரெண்டாவது சரணத்துல அது நின்னு போச்சா?"

"ஐயோ, உங்களுக்கு எப்படித் தெரியும்? எப்பவும் அது நின்னா நானும் நிறுத்திடுவேன். அன்னைக்கு உள்ள இருந்து மணியடிச்சுக் கூப்பிட்டுட்டாங்க. முடிச்சு அனுப்பிடுவோம்னு கண்ணை மூடிக்கிட்டுப் பாடிட்டேன். அங்க சுருதி விட்டுருச்சாக்கா?"

"கொஞ்சூண்டுதான்" என்றேன். பொய்தான். மன்னிக்கப்படும் என்று நம்புகிறேன்.

இப்போது பாருங்கள். அந்த சைட் தப்பே சொல்லவில்லை. கேட்டதைச் சொன்னது. நாங்கள் எல்லோரும் எஸ்தர் குரலை மட்டும் கேட்டோம். மற்றதையெல்லாம் சத்தம் என்று ஒதுக்கிவிட்டோம். கம்ப்யூட்டருக்கு அந்தப் பாகுபாடு தெரியவில்லை. எஸ்தரையும் ஃப்ரிட்ஜையும் ஒரே பாயில் உட்கார வைத்துக் கேட்டிருக்கிறது. நம் வீட்டுக் கல்யாணத்திலேயே எத்தனை பேருக்கு அந்த மரியாதை கிடைக்கிறது, சொல்லுங்கள்?

விஷயம் தெரிந்துவிட்டது. இனி அதைச் சொல்ல வேண்டுமே! அங்கேதான் எனக்குப் பிரச்சினை. மாதர் சங்கக் கூட்டத்தில் 'ஆமென்' சொல்வதற்கே யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்திருப்பவள் நான். சனிக்கிழமை கோவிலில் ஜெபராஜ், மைக் செட்காரர், கிடாருக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் என்று பத்து ஆண்கள். யூடியூபில் ஏதோ ரெடிமேட் மியூசிக் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜாய்ஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்தருக்காக எழுந்தேன். வேறு எதற்காகவும் எழுந்திருக்க மாட்டேன்.

"தம்பி… கீபோர்டுல சுருதியைத் துளி ஏத்த முடியுங்களா? ஒரு கட்டை முழுசா வேணாம். கால் கட்டைக்குக் கொஞ்சம் கூட."

"முடியும். எதுக்கு?"

"ஐந்தாம் கட்டையை வெச்சு, அதுக்குத் துளி மேல ஏத்துங்க. எஸ்தர் அங்கதான் நிக்குது."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் ஏற்றினார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. நம்மில் எத்தனை பேர் ஒரு கிழவி சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் சந்தேகப்படுவோம்?

பாட்டைப் போட்டார். ஜியை அழுத்தினார். ஒட்டியது! 'வாசலுக்கும்' என்ற இடத்தில் அவர் கை தானாக வேறு கார்டுக்குப் போனது. சி என்றார். 'வாரும்' என்று இறங்குகிற இடத்தில் டி. மறுபடியும் ஜி. "ஏ அப்பா… மூணே கார்ட். கண்ணு முன்னாடியே இருந்திருக்கு!" என்று கத்தினார். அப்புறம்தான் என்னைக் கேட்டார், எப்படி என்று. ஃப்ரிட்ஜ் கதையைச் சொன்னேன். பத்து ஆண்களும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது சரணத்துக்கு வழி? அதற்கு ஜெபராஜே ஒரு யோசனை சொன்னார். "ஃப்ரிட்ஜ் நிக்கிற எடம் வரைக்கும் எஸ்தரக்கா பாடட்டும். அங்கேருந்து நீங்க மாதர் சங்கம் எடுத்துக்குங்க. அதே சுருதிதான், கீபோர்டு புடிச்சுக்கும்." பிறகு, "இந்த ம்ம்ம் சத்தத்தை அந்த சைட்டுலயே சுத்தமா எடுத்துடலாம். குரல் பளிச்சுன்னு இருக்கும்" என்றார்.

"வேணாம்."

ஜாய்ஸ். கடைசி பெஞ்சிலிருந்து.

"இருக்கட்டும் அண்ணே. அம்மா நிக்கிற எடம் அது."

மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவன் கிடாரின் ஆணியை முறுக்க ஆரம்பித்தான் — எஸ்தரின் ஃப்ரிட்ஜுக்கு இணையாக.

புதன்கிழமை வந்தது. அறுவடை நேரம். மிஷின் வந்தது வந்தபடி வயலில் நிற்க, அப்படியே கோவிலுக்கு வந்துவிட்டவர்களும் உண்டு. ஜாய்ஸ் வாசலில் வெள்ளைப் புடவையில் நின்றாள். ஐயர் தலையசைத்தார். ஸ்பீக்கரில் முதலில் வந்தது பாட்டு இல்லை. ம்ம்ம்ம்ம்…

எல்லோரும் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார்கள். மைக் செட்காரர் ஏதோ ஒயர் கோளாறு என்று எழுந்து ஓடினார். ஜெபராஜ் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அப்புறம் எஸ்தர் பாடினாள். கீபோர்டு அடியில் மெத்தென்று விரித்துக் கொடுத்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் "யாரு பாடுறது?" என்று கேட்டதும், "பொண்ணோட அம்மாவாம்… குவைத்துல இருந்து" என்று பதில் வந்ததும், அவர் கண்ணாடியைக் கழற்றியதும் என் பெஞ்சிலிருந்து தெரிந்தது.

முதல் சரணம் முடிந்தது. 'டக்'.

நாங்கள் பன்னிரண்டு பேர் எழுந்து நின்றோம். மூச்சை இழுத்தோம். அதற்குள், எங்களுக்கு அரை நொடி முன்னால், நடுப்பாதையில் நடந்துகொண்டிருந்த ஜாய்ஸ் எடுத்துவிட்டாள். மைக் இல்லை, ஒன்றும் இல்லை. அச்சாக அதே சுருதி. வாழ்நாளில் அம்மாவோடு இருந்தது மூன்று வருஷமும் சில லீவுகளும். சுருதி எங்கிருந்து வந்தது? தெரியாது. நாங்கள் பின்னால் சேர்ந்துகொண்டோம்.

அதையெல்லாம் எஸ்தர் போனில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"அக்கா, என் பாட்டு எப்படி இருந்துச்சு?"

"நீ பாதிதானே பாடின. மீதியைப் பாடினதைச் சொல்லவா?"

"அதைச் சொல்லாதீங்கக்கா" என்றாள். "அதை நான் கேட்டுட்டேன்."

நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. அந்த சைட்டுகளைச் செய்து, எங்கள் மாதிரி ஆட்களும் தொடட்டும் என்று சும்மா திறந்து வைத்திருக்கிற முகம் தெரியாத பிள்ளைகளுக்கு முதலில். எந்த ஊரில் உட்கார்ந்து செய்தார்களோ… நன்றாக இருக்கட்டும். விசாவுக்கு நின்ற கூட்டத்தைக் காக்க வைத்துவிட்டு மூன்று சைட்டைத் திறந்த ஜெபராஜுக்கு. ஒரு அடுப்படியின் மூலையில் இத்தனை வருஷம் எஸ்தருக்குச் சுருதி பிடித்துக் கொடுத்த ஃப்ரிட்ஜுக்கும்தான். அதற்கு நன்றி சொன்னால் ஐயர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். குவைத் ஃப்ரிட்ஜும் நன்னிலம் பக்கத்து ஃப்ரிட்ஜும் எப்படி ஒரே கட்டையில் நிற்கின்றன? ஜெபராஜைக் கேட்டால், "எல்லாம் கரன்ட் ஓடுற கணக்கு பாக்கியம்மா. ரெண்டு நாட்டுலயும் அது ஒண்ணுதான். சில நாட்டுல வேற மாதிரியாம்" என்கிறார். அவர் சொன்னதை நான் சரியாக எழுதினேனா, அதுவே சரிதானா, எனக்குத் தெரியாது. பிராக்டீஸ் சனிக்கிழமைதானா என்பதிலும் லேசாகத் தடுமாற்றம். ஆசிரியர் ஐயா, முடிந்தால் சரிபார்த்துப் போடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வாசிக்கிறவர்கள், உங்கள் ஊர் ஃப்ரிட்ஜ் எத்தனை கட்டையில் நிற்கிறது என்று ஒரு தடவை காது வைத்துக் கேட்டு எழுதுங்கள். அங்கே யாராவது அதனோடு பாடிக்கொண்டிருக்கலாம்.